திருவிடைக்கோட்டுக்கு இரண்டு தடவை

மக்களே, உங்க அம்மை பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும் நடந்து போய் வந்தது உங்களுக்குத் தெரியும். எதுக்குப் போனாள் என்பது முழுசாகத் தெரியாது. கேட்டால், "சும்மா ஒரு நேர்ச்சை" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். எனக்குப் பத்தாம் கிளாஸோடு படிப்பு நின்றது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

மூத்தவளே, உனக்கு அப்போது மூன்று வயது. விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டு எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் சாயா வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது உங்க அம்மை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "பன்னிரண்டு கோவிலுக்கும் வாறேன். வண்டி ஏற மாட்டேன். என் கால் தரையில பட்டுத்தான் வருவேன். பிள்ளையைத் தந்திரு."

சாமி உன்னைத் தந்துவிட்டது. அதுக்குப் பிறகு தம்பி பிறந்தான், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம், அவள் முந்திரிப் பருப்பு தோல் உரிக்க அண்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். சாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை அப்படியே கிடந்தது. வருஷா வருஷம் சிவராத்திரிக்கு இந்தப் பன்னிரண்டு கோவிலுக்கும் ஓடுகிற ஓட்டக்காரர்கள் கையில் பனை விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு நம்ம ஜங்ஷனைக் கடந்து போவார்கள். நீங்கள் இரண்டு பேரும் பார்க்க ஓடுவீர்கள். அவள் மட்டும் உள்ளே போய்விடுவாள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அவளுக்குக் குதிகால் வலி கூடிவிட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். டாக்டர் வீட்டுக்குள்ளேயும் மெத்துச் செருப்பு போடச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி என்னிடம் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, இந்த வருஷம் நடக்கலன்னா, இனி நடக்க முடியாது."

சிவராத்திரிக் கூட்டத்தில் ஆம்பிளைகள் ஓடுகிற ஓட்டத்துக்கு நடுவே அவளால் நடக்க முடியாது. அதனால் தை மாசக் கடைசியில் போவோம் என்று முடிவு செய்தோம். அப்போது ரப்பர் மரம் இலை கொட்டும். பால் வெட்டு கிடையாது, எனக்கு வேலையில்லை. அவள் அண்டி ஆபீஸில் லீவு சொன்னாள். உங்களைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்தாள்.

முதல் கோவில் முஞ்சிறை. நடை அங்கிருந்துதான் தொடக்கம், அதனால் அதுவரைக்கும் பஸ்ஸில் போனோம். குளத்தில் முங்கி, ஈரச் சேலையோடு தொழுதுவிட்டு, விடிந்து வெயில் ஏறும் முன்னே நடக்கத் தொடங்கினோம். செருப்பில்லை. தோளில் ஒரு பை. அதில் மாற்றுத் துணி, விளக்குக்கு எண்ணெய், கொஞ்சம் மட்டி வாழைப்பழம்.

நம்ம ஊரில் நடந்து போகிறவனை யாரும் சும்மா விட மாட்டார்கள். நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஆட்டோ நின்றது, பிறகு ஒரு பைக் நின்றது. பிறகு தேங்காப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டு வருகிற ஒரு பாய், டி.வி.எஸ்ஸை ஓரம் கட்டினார்.

"எங்க போறிய?"

"திக்குறிச்சிக்கு."

"நடந்தா? அக்காவ வேணும்னா பொறத்தால ஏத்துங்க. மீன் வாடை சாமிக்கு ஆகுமோ என்னவோ, அத நீங்க பேசிக்கிடுங்க."

"நேர்ச்சை பாய்," என்றேன்.

அவர் உடனே வண்டியைத் தள்ளி நிறுத்தினார். "அப்ப ஏறச் சொல்லப்பிடாது. எங்க உம்மாவும் ஒரு தடவை தர்காவுக்கு இப்பிடித்தான் நடந்தாவ. வாப்பா பொறத்தால சைக்கிள உருட்டிட்டே போனாரு, ஏறணும்னு தோணிச்சுன்னா ஏறட்டும்னு. உம்மா திரும்பிக்கூடப் பாக்கல." சிரித்துக்கொண்டே ஹாரனை அமுக்கிவிட்டுப் போனார்.

திக்குறிச்சியில் ஆற்றில் கால் நனைத்துவிட்டு அங்கேயும் தொழுதோம். சாயங்காலம் நம்ம ரோட்டு முக்குக்கு வந்து சேர்ந்தோம். வீடு பக்கத்தில் இருக்கும்போது வேறே எங்கே படுக்க? நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று, "அம்மா, அதுக்குள்ள திரும்பிட்டியா?" என்று சிரித்தீர்கள். மறுநாள் காலையில் அவள் முதலில் அந்த முக்குக்குப் போய், முந்தின நாள் திரும்பிய அதே கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, அங்கிருந்துதான் காலை எடுத்து வைத்தாள். விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

அன்றைக்குப் பூராவும் ரப்பர் காடு. திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை. வருஷம் பூரா நான் அந்த மரங்களை இருட்டில்தான் பார்க்கிறேன், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். வெட்டுகிற பட்டையும் பால் வடிகிற சிரட்டையும் மட்டும்தான் கண்ணில் படும். அன்றைக்குத்தான் பகலில், கத்தி இல்லாமல், சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். இலை பாதி சிவப்பு, பாதி மஞ்சள். காற்று அடித்தால் மொத்தமாக இறங்கும். தரையெல்லாம் அப்பளம் மிதிப்பது மாதிரி நொறுங்கும். சில ரப்பர் விளைகளில் தளிர் விட்டிருந்தது. தளிர் விட்டால் தேனீ வரும். மரத்துக்கு நடுவே தேன்பெட்டிகளைக் குச்சி மேல் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது உங்க அம்மை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினாள். "குதிகால் வலின்ன!" என்று கேட்டேன். "ஈ கொத்துனா அத விட வலிக்கும்," என்றாள்.

புதுசாக ரப்பர் நட்ட இடங்களில் ஊடே கைதச்சக்கை, அதுதான் அன்னாசி, போட்டிருந்தார்கள். ஒரு இடத்தில் அதைப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு காயைச் சீவிக் கையில் தந்தார்கள். தோட்டத்துக் குழாயில் வெள்ளம் பிடித்துக் குடித்தோம். ஆள் நடமாட்டம் குறைவு. எங்கேயோ மரம் அறுக்கிற சத்தம், ஒரு கோழி, அவ்வளவுதான். பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

பொன்மனையில் அவளோடு வேலை பார்க்கிறவள் வீட்டில் படுத்தோம். காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன், வலது குதிகாலில் பெரிய கொப்புளம். உள்ளே தண்ணீர் ஆடியது. "நாளைக்கு நிப்பாட்டுவோமா?" என்று கேட்டேன். "நிப்பாட்டினா பொறவு எந்திரிக்க மாட்டேன்," என்றாள். மறுநாள் பன்னிப்பாகத்துக்குப் போகும் வழியில் கொப்புளம் உடைந்தது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். ரோட்டில் தார் சுட்டதால் ஓரத்துப் புல்லில் நடந்தாள். புல்லில் தொட்டாவாடி முள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறாள் என்பது எனக்குக் கேட்டது.

கல்குளமும் மேலாங்கோடும் முடித்து, பொழுது சாயும் நேரத்தில் உங்க அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அது மேலாங்கோட்டுக்கும் திருவிடைக்கோட்டுக்கும் நடுவில், நாங்கள் போகிற வழியிலேயே இருக்கிறது. எட்டு கோவில் ஆயிற்று, நாலு பாக்கி.

என் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவள் வீட்டில் ஒருத்தர் சாப்பிடாமல் வந்துவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் அந்தப் பேச்சுதான். அன்றைக்கு உங்க அம்மை காலைப் பார்த்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"ஏலே, இது என்ன கூத்து? காலு வெடிச்சுப் போய்க் கெடக்கு. பொண்டாட்டிய நடத்தியே கொல்லப் போறியா?"

"நேர்ச்சைக்கா."

"என்ன நேர்ச்சை?"

நான் உங்க அம்மையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நேர்ச்சையை ஊருக்குச் சொன்னால் பெருமையாகிப் போகும் என்பது அவள் நினைப்பு. "சும்மா ஒரு நேர்ச்சை மயினி," என்றாள்.

அக்கா சுடுவெள்ளம் போட்டு, மஞ்சள் அரைத்துக் காலில் பூசி, கஞ்சியும் பயறும் பப்படமும் வைத்துத் தந்தாள். நல்லபடி தூங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால், அத்தான் காரை வெளியே எடுத்து நிறுத்தியிருக்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கின கார். எங்க பை பின்சீட்டில் இருக்கிறது.

"ஏறு மக்கா," என்றாள் அக்கா. "திருவிடைக்கோட்டுல கொண்டு விடச் சொல்லிருக்கேன். நடை அடைக்கதுக்கு முன்ன தொழுதிரலாம்."

"வேண்டாங்கா, நடந்துதான் போணும்," என்றேன் நான்.

"நீ சும்மா கெட. எட்டு கோவில் நடந்தாச்சு இல்லியா? ஒண்ணு காருல போனா சிவன் கோவிச்சுக்கிட மாட்டாரு. அவரே காளை மேலதான போறாரு, நடக்கவா செய்யாரு?"

அத்தான் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா உங்க அம்மையின் கையைப் பிடித்துக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. உங்க அம்மை என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவு பாசமாகச் சொல்கிறவள், அதுவும் புருஷனுக்கு மூத்தவள், அவள் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? ஏறிவிட்டாள்.

காருக்குள் அவள் பாதத்தைக் கீழே வைக்கவில்லை. பெருவிரல் இரண்டையும் மட்டும் ஊன்றி, சீட்டு நுனியில் இருந்தாள். அத்தான் வாழை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் திருவிடைக்கோடு வந்துவிட்டது.

இறங்கினாள். கோவிலுக்குள் போகவில்லை. குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, நீங்க போங்க. நாங்க பைய தொழுதுக்கிடுறோம்," என்று அத்தானை அனுப்பினாள். கார் திரும்பிப் போனதும் கண்ணைத் துடைத்தாள்.

"தொட்டுல்லா வருவேன்னேன்," என்றாள். "தரையத் தொடாம வந்து நிக்கேன். பிள்ளைக்காகச் சொன்னது."

உள்ளே மணி அடித்தது. பூஜை செய்கிற போற்றி வாசல் பக்கம் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள்.

"திரும்பிப் போவோம்."

"எங்க?"

"மயினி வீட்டு கேட்டுக்கு. அங்ஙன இருந்துதான் காலு விட்டுப் போச்சு."

"போகவும் நடந்து, வரவும் நடந்தா, இந்தக் காலு என்னத்துக்கு ஆகும்?"

அவள் யோசித்தாள். "போறதுக்கு பஸ்ஸுல போலாம். அது நேர்ச்சையில வராது."

"அது எப்பிடிட்டி? வண்டி ஏற மாட்டேன்னுதான சொன்ன?"

"கோவிலுக்கு வாறதுக்கு ஏற மாட்டேன்னேன். கோவில விட்டுப் போறதுக்கு ஒண்ணும் சொல்லல."

படிக்க வைத்திருந்தால் தக்கலை கோர்ட்டில் வாதாடியிருப்பாள். மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம்.

அக்கா கண்ணில் படாமல் கேட்டைத் தொட்டுவிட்டு அப்படியே நடந்துவிடலாம் என்பதுதான் எங்கள் திட்டம். ஆனால் அக்கா முற்றத்தில் பாய் விரித்து நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"என்னட்டி, எதையாச்சும் மறந்து வச்சிட்டியா?"

"இல்ல மயினி."

"பொறவு?"

"நடக்கதுக்கு வந்தேன்."

"எங்க நடக்கதுக்கு?"

"திருவிடைக்கோட்டுக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். "லே, இவளுக்கு வெயில் அடிச்சிட்டா? இப்பதான அங்க கொண்டு விட்டுட்டு வந்தாவ?"

அப்போதுதான் உங்க அம்மை சொன்னாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதை அப்படியே சொன்னாள். என்னைத் தவிர இன்னொருத்தரிடம் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அக்கா மிளகுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நம்ம பிள்ளைக்கா?"

"ஆமா மயினி."

"நானும் அந்த வராந்தாலதான கெடந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நேத்து ராத்திரியாவது சொன்னியா? சவம், வாயத் தொறந்து சொல்லிருந்தா நான் காருல ஏத்துவேனா? உன் நேர்ச்சைய நானே கெடுத்துப் போட்டேனே!"

"மயினி கூப்பிடும்போது எப்பிடி வேண்டாம்னு சொல்லதுக்கு?"

"அதுக்கு? நான் கைய பிடிச்சு இழுத்தா கிணத்துல சாடுவியா?"

"சாடுவேன் மயினி," என்றாள் உங்க அம்மை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் மூக்கை உறிஞ்சினாள். பிறகு "நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வேறே சேலை உடுத்திக்கொண்டு, செருப்பில்லாமல் வெளியே வந்தாள். முட்டு வலியால் பக்கத்துக் கடைக்குக்கூட ஆளை அனுப்புகிறவள் அவள்.

"நானும் வாறேன். கெடுத்தது நானில்லியா?"

அத்தான் பேப்பரோடு எழுந்து வந்தார். "உன் முட்ட வச்சிட்டு எங்கட்டி போற?"

"நீங்க காரை எடுத்துட்டுப் பொறத்தால வாங்க. நான் விழுந்தா எடுத்துப் போட ஆளு வேணும்."

அப்படித்தான் போனோம். முன்னால் உங்க அம்மை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா, பக்கத்தில் நான். பின்னால் முதல் கியரில் கார். எதிரே வந்த பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "என்ன அண்ணாச்சி, பிரேக் பிடிக்கலியா?" என்று அத்தானைக் கேட்டான். வயலுக்கு வெள்ளம் போகிற சானல் கரைக்கு இறங்கினதும் கார் வர முடியவில்லை. அத்தான் சுற்றிப் போய்விட்டார்.

சானல் கரை அருமையான இடம். ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் வயல். கதிர் வந்து தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. கொக்கு நின்றது. தூரத்தில் வேளிமலை நீலமாகக் கிடந்தது. மண் குளிர்ச்சியாக இருந்ததால் உங்க அம்மைக்குக் கால் சுகமாக இருந்திருக்க வேண்டும். அக்காதான் ஒவ்வொரு மதகுக்கும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் எல்லாம், "நீ சொல்லிருக்கணும்," என்றாள். உங்க அம்மை, "ஆமா மயினி," என்றாள். மூன்றாவது மதகில் அக்கா வேறே மாதிரிச் சொன்னாள்: "நான் கேட்டிருக்கணும்."

போய்ச் சேர்ந்தபோது நடை அடைத்துவிட்டது. போற்றி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் காலத்த வந்து உள்ள வராமப் போனது நீங்கதான?" என்று கேட்டார்.

"அப்ப நடந்து வரல, அதான்," என்றாள் உங்க அம்மை.

அவர் அக்காவைப் பார்த்தார், அரச மரத்தடியில் காத்திருந்த காரைப் பார்த்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறப்பேன்," என்று மட்டும் சொன்னார்.

மரத்தடியில் இருந்தோம். அத்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டு வந்தார். "சோறு காருல வந்துச்சு, சாப்பிடலாமா? இல்ல அதையும் திரும்பக் கொண்டு போய்ச் சுமந்துட்டு வரணுமா?" என்று கேட்டார். அக்கா முறைத்தாள். உங்க அம்மை சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

ஐந்து மணிக்கு நடை திறந்தது. உங்க அம்மை அக்காவை முன்னே விட்டாள். அக்கா அவளை முன்னே தள்ளினாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் படி ஏறினார்கள்.

ராத்திரிக்குத் திரும்ப அக்கா வீடுதான். கோவிலை விட்டுப் போவதுதானே, உங்க அம்மை தயங்காமல் காரில் ஏறினாள். மறுநாள் காலையில் விட்ட இடத்தில் கொண்டு இறக்கியதும் அதே காரில்தான், தொழுது முடித்த கோவில்தானே. "இந்தச் சட்டம் எனக்கு ஒண்ணும் பிடிபடல," என்றார் அத்தான். "உங்களுக்குப் பிடிபட வேண்டாம், வண்டியத் திருப்புங்க," என்றாள் அக்கா.

திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. வழியில் இரண்டு பைக்கும் ஒரு வேனும் நின்றன. "நேர்ச்சை, காலு தரையில பட்டுத்தான் போணும்," என்று உங்க அம்மை தானே சொன்னாள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் நடை பைய ஆகிவிட்டது. மரச்சீனிக் கிழங்கு விளைகளுக்கு நடுவே ஒரு ஆட்டுக்குட்டிகூட எங்களைத் தாண்டிப் போனது.

பன்னிரண்டாவது கோவிலான நட்டாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். குளத்தில் முங்கி எழுந்து, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். நான் வெளியே சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது நெற்றியில் சந்தனம், தலையிலிருந்து வெள்ளம் சொட்டிக்கொண்டிருந்தது. போனைத் தா என்று கையை நீட்டினாள்.

மூத்தவளே, நீதான் எடுத்தாய்.

"முடிச்சாச்சு மக்கா," என்றாள்.

"சரிம்மா. காலு எப்பிடி இருக்கு? எம்மா, என் வெள்ளை சாக்ஸ எங்க வச்சிருக்க? நாளைக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸு, நான் நானூறு மீட்டர்ல இருக்கேன்."

அவள் அங்கேயே நின்று, எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தத் துணிக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிடைத்ததா என்று கேட்டு, நீ கிடைத்தது என்று சொல்லும் வரைக்கும் போனை வைக்கவில்லை. வைத்த பிறகும் அதை என்னிடம் தராமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியளா," என்றாள் என்னிடம். "நாளைக்கு ஓடப் போறாளாம்."